நிற்கும் கோச்சியை ஓடவைப்பது: இங்க்ஸ்கேப்பில் அசைவூட்டம் சேர்க்க முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலைநாட்டில் இருக்கும் தெமோதரையில் ரயில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகிறது. எல்லப் பக்கமிருந்து பதுளைக்கு இறங்கும் கோச்சி நிலையத்தில் நின்று, கிளம்பி, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற இடத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் அதில் போய் வந்தவர்கள்தான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் அந்த வளையம் புரியாது, மேலிருந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை கணினி வகுப்புக்காக அதை இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் ஒரு வரைபடமாக வரைந்து காட்டினேன். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. "சேர், இந்தக் கோச்சி ஓடாதா?" என்று முன் வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்.

இங்க்ஸ்கேப்பில் எந்தக் கணத்தில் எது அசைய வேண்டும் என்று குறிக்கும் காலக்கோடு கிடையாது, பிளே பட்டனும் கிடையாது. அதனால் ஓடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது பாதி உண்மைதான் என்பது பிறகுதான் உறைத்தது.

கோப்புக்குத் தெரியும், மென்பொருளுக்குத்தான் தெரியாது

இங்க்ஸ்கேப் சேமிப்பது எஸ்விஜி கோப்பு, அதாவது கோடுகளையும் வடிவங்களையும் எழுத்தாலேயே விவரிக்கும் பட வகை. 2001 இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக எஸ்விஜி வெளிவந்தபோதே அசைவுக்கான உறுப்புகளும் அதற்குள் இருந்தன. 1998 இல் வந்த ஸ்மில் என்ற மொழியிலிருந்து எடுத்துக்கொண்டவை அவை. இங்க்ஸ்கேப் 2003 இல்தான் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்தது. ஆக, கோப்பு வகைக்கு ஓடத் தெரியும். அதைத் திறந்து காட்டும் மென்பொருள்தான் எல்லாவற்றையும் நிற்கும் படமாகக் காட்டுகிறது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன்னால் ஓட்டிக்காட்ட முடியாத உறுப்பை அது தூக்கி எறிவதில்லை. உள்ளே நாம் எழுதி வைத்த அசைவை அப்படியே வைத்துச் சேமிக்கும். அதே கோப்பை உலாவியில் திறந்தால் கோச்சி ஓடும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் இங்க்ஸ்கேப்பின் வயிற்றைக் கிழித்து உள்ளே காலக்கோடு வைக்கப்போவதில்லை. முதலில் கையால் அசைவை எழுதுவோம். கை வலிக்கத் தொடங்கும் இடத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு நீட்சி, அதாவது இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து இயங்கும் சின்ன நிரல், எழுதுவோம். கடைசியில் அதை வீடியோவாக்கிப் போனில் பார்ப்போம்.

உங்களுக்கு வேண்டியது வாய் அசைத்துப் பேசும் கார்ட்டூன் மனிதர் என்றால் இந்த வழி வேண்டாம். சின்ஃபிக் இருக்கிறது, கிளாக்ஸ்நிமேட் இருக்கிறது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், இரண்டிலும் காலக்கோடு உண்டு. வரைபடம், விளக்கப்படம், கைகாட்டி, கடிகாரம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவதிலிருந்து சலிப்பது வரை காட்டும் படம், இப்படிப்பட்ட வேலைகளுக்கு நான் சொல்லும் வழி போதும்.

இன்னொரு விஷயம். குரோம் உலாவியை உருவாக்குகிறவர்கள் 2015 இல் ஸ்மிலைக் கைவிடப் போவதாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டே அந்த முடிவை நிறுத்திவைத்தார்கள். பழைய கட்டுரைகளில் "ஸ்மில் செத்துவிட்டது" என்று எழுதியிருப்பது அந்தக் காலத்துப் பேச்சு. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் அது ஓடுகிறது.

கோப்பைத் தயார் செய்தல்

இங்க்ஸ்கேப் 1.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். புதிய கோப்பைத் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பின் பண்புகள் வரும். பக்கத்தின் அளவை பிக்சலில் 1280 க்கு 720 என்று வைத்து, ஸ்கேல் என்ற இடத்தில் 1 என்று போடுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் அழுவீர்கள். வழக்கமான வார்ப்புரு மில்லிமீட்டரில் இருக்கும். அதில் "100 நகர்" என்று எழுதினால் கோச்சி 100 பிக்சல் அல்ல, 100 மில்லிமீட்டர் பாயும்.

அசையப்போகும் ஒவ்வொரு பொருளையும் தனிக் குழுவாக்கி, அதற்கு ஓர் ஐடி கொடுங்கள். பொருளைத் தெரிவுசெய்து கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தினால் ஐடி எழுதும் கட்டம் வரும். எழுதிய பின் செட் பட்டனை அழுத்த வேண்டும். பொருட்களின் பட்டியலில் பெயரை மாற்றினால் போதுமே என்று நினைக்காதீர்கள், அங்கே மாறுவது லேபல் மட்டும். லேபல் நமக்கு, ஐடி கோப்புக்கு. ஐடியில் இடைவெளி விடாமல் சின்ன ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் பயன்படுத்துங்கள். என் படத்தில் எஞ்சினுக்குப் பெட்டி0, அடுத்தடுத்து பெட்டி1, பெட்டி2 என்று அந்த எழுத்துகளில் எழுதினேன். இந்த இலக்க வரிசை நீட்சி எழுதும்போது கைகொடுக்கும்.

முதலில் கைகாட்டி

கோச்சிக்கு முன் சின்னதாக ஒன்றை அசைத்துப் பார்ப்போம். நிலையத்துக்கு வெளியே நிற்கும் கைகாட்டியை வரையுங்கள்: ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு சிவப்புக் கை. கை மட்டும் தனிக் குழு.

இப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் அழுத்தினால் எக்ஸ்எம்எல் எடிட்டர் திறக்கும். படத்தின் உள்ளுறுப்பெல்லாம் மரம்போல் கிளை கிளையாகத் தெரியும். முதல் தடவை பார்ப்பவர் கொஞ்சம் பயப்படுவார். பரவாயில்லை, எதைக் கெடுத்தாலும் கண்ட்ரோல் இசட் இருக்கிறது. கையின் குழுவைத் தெரிவுசெய்தால் மரத்தில் அதன் வரி ஒளிரும். புதிய உறுப்பு சேர்க்கும் பட்டனை அழுத்தி, அனிமேட்டிரான்ஸ்ஃபார்ம் (animateTransform) என்று எழுதுங்கள். எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். மரத்தில் மற்ற உறுப்புகளுக்கு இருப்பதுபோல் முன்னால் எஸ்விஜி என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் வர வேண்டும். பெயர் ஒரே சொல், ஆனால் டிரான்ஸ்ஃபார்ம் தொடங்கும் டி மட்டும் பெரிய எழுத்து. எழுத்தின் சிறிது பெரிது மாறினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, அசைவும் வராது. ஒரு மாலை முழுவதையும் நான் அப்படித்தான் தொலைத்தேன்.

அந்த உறுப்புக்கு இனிப் பண்புகள். ஆட்ரிபியூட்நேம் (attributeName) என்பதற்கு டிரான்ஸ்ஃபார்ம் என்ற மதிப்பு. டைப் என்பதற்கு ரொட்டேட். ஃப்ரம் என்பதற்கு மூன்று எண்கள்: கோணம், சுழலும் மையத்தின் கிடை இடம், நிலை இடம். உதாரணமாக 0 420 180. டு என்பதற்கு 45 420 180. டியூர் (dur), அதாவது டி, யூ, ஆர் என்ற மூன்று எழுத்து, அசைவு நடக்கும் நேரம். அதற்கு 1 என்று போட்டு, செக்கனுக்காக ஓர் எஸ் சேருங்கள். கை விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டுமானால் ஃபில் என்பதற்கு ஃப்ரீஸ். இல்லாவிட்டால் ஒரு செக்கன் சாய்ந்து மறுபடி டக்கென்று நிமிர்ந்துவிடும்.

மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கை கம்பத்தோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் வரையுங்கள். எக்ஸ்எம்எல் எடிட்டரில் அதன் மையத்தின் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். குறித்துக்கொண்டு வட்டத்தை அழித்துவிடலாம். எஸ்விஜியில் கோணம் கூடினால் கடிகாரச் சுற்று. கை வலப்பக்கம் நீட்டியிருந்தால் 45 என்பது சாயும், இடப்பக்கம் நீட்டியிருந்தால் மேலே தூக்கும், அப்போது கழித்தல் 45.

சேமித்து உலாவியில் திறந்து பாருங்கள். கை சாய்ந்தால் நல்லது. கை கம்பத்தை விட்டுப் பறந்து வேறெங்கோ போய் ஆடினால், பெரும்பாலும் காரணம் இதுதான்: வரையும்போது அந்தக் குழுவை இழுத்து நகர்த்தியிருப்பீர்கள். இங்க்ஸ்கேப் அந்த நகர்வை டிரான்ஸ்ஃபார்ம் என்ற பண்பாகக் குழுவிலேயே எழுதி வைத்திருக்கும். நம் அசைவும் அதே பண்பைத்தான் மாற்றுகிறது, பழையதை அழித்துவிட்டு. இடம் தொலைந்துபோகிறது. மருந்து எளிது. குழுவைத் தெரிவுசெய்து இன்னொரு முறை கண்ட்ரோல் ஜி அழுத்துங்கள். குழுவுக்கு வெளியே ஒரு குழு உருவாகும். எக்ஸ்எம்எல் எடிட்டரில் உள்குழுவின் டிரான்ஸ்ஃபார்ம் பண்பை எடுத்து வெளிக்குழுவுக்கு மாற்றுங்கள். வெளிக்குழு இடத்தை வைத்துக்கொள்ளட்டும், உள்குழு ஆடட்டும். அசையும் எதற்கும் இப்படி இரண்டு தோல் போர்த்துவதை வழக்கமாக்கிக்கொண்டால், உள்குழுவில் டிரான்ஸ்ஃபார்ம் இல்லாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. மையத்தின் எண்களை அந்த உள்குழுவின் கணக்கிலேயே எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது கோச்சி

கோச்சியைப் பக்கவாட்டில் வரையாதீர்கள். வளைவைத் திரும்பும்போது சக்கரம் மேலே, கூரை கீழே என்று தலைகீழாகும். மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு நீள்சதுரம், முனை கொஞ்சம் கூராக, நீலமோ சிவப்போ பூசினால் போதும். எஞ்சின் வலப்பக்கம் பார்த்திருக்கட்டும், ஏனென்றால் தன்னியக்கத் திருப்பம் வலப்பக்கத்தைத்தான் முன்பக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

தண்டவாளத்தை, வளைகோடு வரையும் பெசியர் கருவியால் ஒரே கோடாக இழுங்கள். பக்கத்துக்கு வெளியே தொடங்கி, நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி, நிலையத்துக்கு அடியில் சுரங்கமாகப் போய், மறுபடி பக்கத்துக்கு வெளியே முடிய வேண்டும். இரண்டு கோடுகளாக வரைந்து கம்பைன் செய்தால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு துண்டு. துண்டு முடியும் இடத்தில் கோச்சி தவளைபோல் தாவும். முனைகளைத் தெரிவுசெய்து ஷிஃப்ட் ஜே அழுத்தி உண்மையாகவே இணைக்க வேண்டும். திசையும் முக்கியம். நீங்கள் வரைந்த திசையில்தான் கோச்சி போகும். பதுளையிலிருந்து ஏறும் கோச்சி வேண்டுமானால் பாத் பட்டியலில் ரிவர்ஸ் இருக்கிறது.

கோச்சியின் குழுவுக்குள் அனிமேட்மோஷன் (animateMotion) என்ற உறுப்பைச் சேர்த்து, அதற்குள் எம்பாத் (mpath) என்ற சின்ன உறுப்பைச் சேருங்கள். எம்பாத்துக்கு எக்ஸ்லிங்க் முன்னொட்டோடு எச்ரெஃப் (xlink:href) என்ற பண்பு. அதன் மதிப்பு ஒரு # குறியும் தண்டவாளத்தின் ஐடியும். வெளி உறுப்புக்கு டியூர் 20 செக்கன், ரொட்டேட் என்பதற்கு ஆட்டோ, ரிப்பீட்கவுண்ட் (repeatCount) என்பதற்கு இன்டெஃபினிட்.

திறந்து பார்த்தால் கோச்சி தண்டவாளத்துக்கு வெகு தூரத்தில், தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. பாதைமீது நகர்வது கோச்சியின் நடு அல்ல, பக்கத்தின் மேல் இடது மூலை, அதாவது சுழியப் புள்ளி. கோச்சி அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி வரையப்பட்டிருக்கிறதோ அவ்வளவு தள்ளியே ஓடும். ஆகவே கோச்சியைப் பக்கத்தின் மூலைக்கே கொண்டுபோய், அதன் நடுப்புள்ளி சரியாக மூலையில் இருக்கும்படி வையுங்கள். 60 அகலம் 20 உயரம் என்றால், மேலே உள்ள கருவிப்பட்டையில் எக்ஸ் கட்டத்தில் கழித்தல் 30, வை கட்டத்தில் கழித்தல் 10. இங்க்ஸ்கேப்பில் பார்த்தால் கோச்சி பக்கத்தின் மூலையில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். அப்படியே இருக்கட்டும். அதன் லேயருக்கு டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிலையத்தில் நிற்க வேண்டும். இதற்கு இரண்டு பண்புகள்: கீபாயிண்ட்ஸ் (keyPoints), கீடைம்ஸ் (keyTimes). முதலாவது பாதையில் எவ்வளவு தூரம் என்பது, இரண்டாவது நேரத்தில் எவ்வளவு என்பது. இரண்டும் 0 முதல் 1 வரை, அரைப்புள்ளியிட்டுப் பிரித்து எழுத வேண்டும். நேரத்துக்கு 0, 0.3, 0.5, 1 என்றும், தூரத்துக்கு 0.12, 0.4, 0.4, 1 என்றும் எழுதினால், 20 செக்கனில் 6 ஆவது செக்கனில் நிலையத்துக்கு வந்து, 10 ஆவது செக்கன் வரை நின்று, பிறகு கிளம்பும். இதோடு கால்க்மோட் (calcMode) என்ற பண்பை லீனியர் என்று கட்டாயம் எழுதுங்கள். இந்த உறுப்புக்கு மட்டும் இயல்பு நிலை பேஸ்ட் என்ற சீரான வேகம், அந்த நிலையில் கீடைம்ஸ் கணக்கில் வராது. கோச்சி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

தூரம் 0 இல் தொடங்காமல் 0.12 இல் தொடங்குவது ஏன் என்று கேட்பீர்கள். பெட்டிகளுக்காக. எஞ்சினுக்குப் பின் நான்கு பெட்டி இணைத்தபோது, ஒவ்வொன்றுக்கும் அதே அசைவைக் கொடுத்து, அரை செக்கன் பிந்தித் தொடங்கும்படி எழுதினேன். ஓடும்போது அழகாக வரிசையாக ஓடின. நிலையத்தில் எஞ்சின் நின்றதும் வகுப்பே சிரித்தது. "சேர், பெட்டியெல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறுது!" அதுதான் நியாயம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாதை, ஒரே நிறுத்தம். எஞ்சின் நின்ற இடத்துக்கே ஒவ்வொரு பெட்டியும் சற்றுப் பிந்தி வந்து நிற்கிறது.

பெட்டிகளைப் பின்தள்ள வேண்டியது நேரத்தில் அல்ல, தூரத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே கீடைம்ஸ், ஒரே தொடக்கம். கீபாயிண்ட்ஸ் மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் 0.03 குறைய வேண்டும். முதல் பெட்டிக்கு 0.09, 0.37, 0.37, 0.97. கடைசிப் பெட்டிக்கு 0, 0.28, 0.28, 0.88. எஞ்சின் 0.12 இல் தொடங்கினால்தான் கடைசிப் பெட்டிக்கு 0 மிஞ்சும். 0.03 என்பது என் பாதையின் நீளத்துக்கான எண். உங்கள் படத்தில் பெட்டியின் நீளத்தோடு இணைப்பு இடைவெளியைக் கூட்டி, பாதையின் மொத்த நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சுற்று மறுபடி தொடங்கும்போது கோச்சி கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குக் குதிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, பாதையின் முதல் 0.12 பங்கும், 0.88 க்குப் பிந்திய பங்கும் பக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

இனிச் சுரங்கம். எஸ்விஜியில் மேலே கீழே என்பது எழுதிய வரிசைதான். மரத்தில் பின்னால் வருவது மேலே தெரியும். கோச்சி நிலையத்தில் நிற்கும்போது குன்றுக்கு மேலே தெரிய வேண்டும், சுரங்கத்துக்குள் போகும்போது அதே குன்றுக்குக் கீழே மறைய வேண்டும். ஒரே பொருள் இரண்டு அடுக்கில் இருக்க முடியாது. ஆகவே கோச்சி முழுவதையும் ஒரு குழுவாக்கி, கண்ட்ரோல் டி (D) அழுத்திப் பிரதி எடுத்து, ஒன்றை குன்றுக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் வையுங்கள். மேலே உள்ளது முதல் பாதியில் தெரியட்டும், கீழே உள்ளது பிற்பாதியில் தெரியட்டும்.

எப்போது மாற்றுவது என்று நான் வெகு நேரம் கணக்குப் போட்டேன், சுரங்க வாயில், எஞ்சின் நுழையும் கணம், கடைசிப் பெட்டி நுழையும் கணம் என்று. அவ்வளவும் வீண். கோச்சி முழுவதும் திறந்த வளைவில் இருக்கும் ஏதாவது ஒரு கணம் போதும். அங்கே மேல் கோச்சியும் கீழ்க் கோச்சியும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆள் மாறியது யாருக்கும் தெரியாது. என் படத்தில் அது 14 ஆவது செக்கன். மேல் குழுவுக்குள் அனிமேட் என்ற உறுப்பு. ஆட்ரிபியூட்நேம் டிஸ்பிளே, வேல்யூஸ் என்பதற்கு இன்லைன், நன் என்ற இரண்டு மதிப்பு, கீடைம்ஸ் 0, 0.7, கால்க்மோட் டிஸ்கிரீட், அதே 20 செக்கன், அதே முடிவில்லாச் சுற்று. கீழ்க் குழுவுக்கு மதிப்புகளை மட்டும் மாற்றிப் போடுங்கள். செட் என்ற எளிய உறுப்பால் 14 ஆவது செக்கனில் மறைக்கலாமே என்று தோன்றும். முதல் சுற்றுக்கு அது சரி. இரண்டாம் சுற்றில் மறைந்தது மறைந்ததுதான்.

பெயர்ப்பலகை: தமிழ் எழுத்தின் தனிப் பிரச்சினை

நிலையத்தின் பெயர் எழுத்து எழுத்தாகத் தோன்றினால் நன்றாக இருக்கும். பார்ப்பவரின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது என்பதால், முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தி எழுத்தை வடிவமாக மாற்ற வேண்டும். குழுவைத் திறந்து பார்த்தால் திகைப்பீர்கள். தெமோதரை நான்கு எழுத்து, ஆனால் உள்ளே எட்டுத் துண்டு. தெ என்பது கொம்பும் தவும், மோ என்பது இரட்டைக்கொம்பு, ம, கால் என்று மூன்று, த ஒன்று, ரை என்பது சங்கிலிக்கொம்பும் ரவும். துண்டு துண்டாகத் தோன்றவிட்டால் முதலில் ஒரு கொம்பு தனியாக வந்து நிற்கும். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாது. துண்டுகளை எழுத்துவாரியாக நீங்களே குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒபாசிட்டி 0 இலிருந்து 1 க்குப் போகும் அனிமேட் உறுப்பைக் கொடுங்கள். தொடக்க நேரம், அதாவது பிகின், கால் செக்கன் கால் செக்கனாகக் கூடட்டும். புள்ளி சில எழுத்துருக்களில் மெய்யோடு ஒட்டியிருக்கும், சிலவற்றில் தனித் துண்டாக இருக்கும். அதையும் பாருங்கள்.

கை வலிக்கும் இடத்தில் நீட்சி

ஐந்து பெட்டி, இரண்டு பிரதி, ஆகப் பத்து அசைவு உறுப்பு. நிலையத்தில் இன்னும் இரண்டு செக்கன் நிற்கட்டும் என்று நினைத்தால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் நீட்சி தேவைப்படுகிறது.

நீட்சி என்பது ஒரே கோப்புறையில் இருக்கும் இரண்டு கோப்பு. ஐஎன்எக்ஸ் என்று முடிவது, மெனுவில் என்ன பெயர், உரையாடல் பெட்டியில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல்லில் சொல்லும். மற்றது வேலையைச் செய்யும் நிரல், பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதப்படுவது. எடிட் மெனுவில் பிரிபரன்சஸ், அதில் சிஸ்டம் என்ற பக்கத்தைத் திறந்தால் உங்கள் நீட்சிகளுக்கான கோப்புறை எது என்று எழுதியிருக்கும். இரண்டையும் அங்கே போட்டு இங்க்ஸ்கேப்பை மூடித் திறக்க வேண்டும். வெறுங்கையோடு தொடங்காதீர்கள். இங்க்ஸ்கேப்போடு வரும் நீட்சிகளில் சிறியதாக ஒன்றைப் பிரதியெடுத்து, பெயரையும் ஐடியையும் மாற்றி, அதிலிருந்து வளருங்கள்.

ஐஎன்எக்ஸ் கோப்பில் நான் கேட்பவை ஐந்து: மொத்த நேரம், நிலையம் பாதையில் எந்தப் பங்கில் இருக்கிறது, எப்போது வந்து சேர வேண்டும், எத்தனை செக்கன் நிற்க வேண்டும், பெட்டிகளுக்கு இடையே எத்தனை பிக்சல். ஒவ்வொன்றும் பாராம் என்ற உறுப்பு, வகை ஃப்ளோட். இங்கே கொடுக்கும் பெயர்தான் பைத்தனிலும் வர வேண்டும். எஃபெக்ட் உறுப்பில் நேரடி முன்னோட்டம் தேவையில்லை என்று குறித்துவிடுங்கள். ஓடாத கித்தானில் முன்னோட்டம் பார்த்து என்ன செய்ய?

பைத்தன் பக்கம் இங்க்எக்ஸ் என்ற தொகுப்பு எல்லாவற்றையும் எளிதாக்கிவிடுகிறது. அதில் எஃபெக்ட்எக்ஸ்டென்ஷன் என்ற வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பை எடுத்து, இரண்டு செயல்களை மட்டும் எழுதினால் போதும். ஒன்று உரையாடல் பெட்டியின் ஐந்து மதிப்புகளையும் வாங்குவது. மற்றது எஃபெக்ட் என்ற செயல், அங்கேதான் வேலை. அனிமேட்மோஷனுக்கும் எம்பாத்துக்கும் இங்க்எக்ஸின் அடிப்படை உறுப்பிலிருந்து இரண்டு வரியில் ஆளுக்கொரு சின்ன வகுப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

எஃபெக்ட் செயலுக்குள் நடப்பது இது. பயனர் தண்டவாளத்தையும் பெட்டிகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்திருப்பார். எதை முதலில் கிளிக் செய்தார் என்று பார்க்க வேண்டாம், வகையைப் பார்த்துப் பிரித்துவிடலாம்: பாதை வகையில் இருப்பது தண்டவாளம், குழு வகையில் இருப்பவை பெட்டிகள். பெட்டிகளை ஐடியின்படி வரிசைப்படுத்துங்கள். பாதையின் நீளத்தைக் கணக்கிட்டு, பிக்சல் இடைவெளியை அந்த நீளத்தால் வகுத்தால் நம் 0.03 கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு கீபாயிண்ட்ஸை எண்ணி, முன்பு கையால் எழுதிய பண்புகளையெல்லாம் நிரலே எழுதட்டும். எழுதும் முன், அந்தப் பெட்டிக்குள் பழைய அனிமேட்மோஷன் இருந்தால் அதை நீக்க வேண்டும். நான் அதை மறந்துவிட்டு நீட்சியை ஆறு தடவை ஓட்டியதில், எஞ்சினுக்குள் ஆறு அசைவு குந்தியிருந்தன.

பிழை தேடும்போது பிரிண்ட் கட்டளையைப் போடாதீர்கள். நீட்சியை அழைக்கும்போது இங்க்ஸ்கேப் உங்கள் படத்தை நிரலிடம் கொடுக்கிறது, திருத்திய படத்தை நிரல் தன் வெளியீட்டில் எழுதுகிறது, அதை வாங்கிப் பழைய படத்தின் இடத்தில் வைக்கிறது. பிரிண்ட் செய்தது அந்தப் படத்துக்குள்ளேயே போய் விழுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். செய்தி காட்ட இங்க்எக்ஸில் எரர்எம்எஸ்ஜி என்ற செயல் இருக்கிறது.

சேமிக்கும்போது சாதாரண எஸ்விஜியாகவோ இங்க்ஸ்கேப் எஸ்விஜியாகவோ சேமிக்கலாம், அசைவு இரண்டிலும் நிற்கும். ஆப்டிமைஸ்டு எஸ்விஜியில் மட்டும் கவனம். ஐடிகளைச் சுருக்குவது, குழுக்களைக் கலைப்பது போன்ற தெரிவுகள் அதில் உண்டு. நாம் பார்த்துப் பார்த்துப் போர்த்திய இரட்டைத் தோலை அது உரித்துவிடலாம்.

மென்பொருளுக்குள்ளேயே செய்ய நினைப்பவர்களுக்கு

காலக்கோட்டை இங்க்ஸ்கேப்பின் மையத்திலேயே சேர்க்க வேண்டுமானால் அது வேறு அளவு வேலை. மையம் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில், சாளரங்களையும் பட்டன்களையும் தரும் ஜிடிகே என்ற தொகுப்பின் மீது கட்டப்பட்டது. ஒவ்வொரு கணத்துக்கும் படத்தைக் கணக்கிட்டு வரைய வேண்டும். 3 ஆவது செக்கனில் ஒருவர் பொருளை நகர்த்தினால் அடிப்படைப் படம் மாறுகிறதா, அந்தக் கணத்துக்கென்று குறித்த நிலை, அதாவது கீஃபிரேம், மாறுகிறதா என்று ஒவ்வொரு கருவியும் அறிய வேண்டும், அன்டூவும் அறிய வேண்டும். மூல நிரல் 2017 முதல் கிட்லாப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருக்கிறது, நீட்சிகளுக்குத் தனிக் களஞ்சியம் உண்டு. முதலில் நீட்சிகள் பக்கம் ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் கொடுத்துப் பழகுங்கள். பெரிய மாற்றம் என்றால் நிரல் எழுதும் முன் அங்கிருப்பவர்களோடு பேசிவிடுங்கள், மூன்று மாதம் எழுதிவிட்டுப் போய்க் காட்டாதீர்கள்.

போனுக்கு அனுப்புதல்

பிள்ளைகள் வீட்டில் கணினி இல்லை, போன்தான். வாட்ஸ்அப்பில் எஸ்விஜியை அனுப்பினால் அது வெறும் கோப்பாகப் போய்க் கிடக்கும். வீடியோ வேண்டும். அவசரத்துக்கு உலாவியை முழுத்திரையாக்கித் திரையைப் பதிவு செய்யலாம். சுத்தமாக வேண்டுமானால் ஃபிரேம் ஃபிரேமாகப் படமெடுக்க வேண்டும்.

இங்க்ஸ்கேப் அசைவின் ஒரு கணத்தை வரையாது. ஆகவே அந்தக் கணத்தில் பெட்டி எங்கே இருக்கும் என்று நாமே கணக்கிட்டு, டிரான்ஸ்ஃபார்மாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கின் பாதி நீட்சியிலேயே இருக்கிறது. இங்க்எக்ஸின் பெசியர் பகுதியில், வளைகோட்டின் ஒரு நீளத்தில் எந்தப் புள்ளி வரும் என்று சொல்லும் செயல்கள் உண்டு. அந்தப் புள்ளியையும், அதற்கு ஒரு பிக்சல் முன்னால் உள்ள புள்ளியையும் எடுத்தால் பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கோணம் கிடைத்துவிடும். 14 ஆவது செக்கனில் மேல் குழுவை மறைத்துக் கீழ்க் குழுவைக் காட்டும் வேலையையும் இந்த நிரலிலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு எஸ்விஜி, 0001, 0002 என்று இலக்கமிட்டு.

செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் 20 செக்கனுக்கு 500 படம். ஒவ்வொன்றுக்கும் இங்க்ஸ்கேப்பைப் புதிதாகத் திறந்தால் என் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். கட்டளை வரியில் ஷெல் என்ற தெரிவோடு ஒரு தடவை திறந்து, அதற்குள்ளேயே கோப்பைத் திற, பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய், மூடு என்று 500 தடவை சொல்லுங்கள். வரைபடத்துக்கு 12 ஃபிரேமே போதும், 240 படத்தில் வேலை முடியும்.

படங்களை ஒட்டி வீடியோவாக்க எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை வரிக் கருவி. எம்பி4 வீடியோவுக்கு ஒளி ஊடுருவும் பின்னணி கிடையாது. பிஎன்ஜி எடுக்கும்போதே வெள்ளைப் பின்னணி கேளுங்கள், இல்லாவிட்டால் பகல் நேரக் கோச்சி கறுப்பில் ஓடும். அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும், 1280 க்கு 720 என்பதால் நமக்குக் கவலையில்லை. பிக்சல் வடிவத்தை ஒய்யூவி420பி என்று எழுதிக் கொடுங்கள். அதை விட்டுவிட்டு நான் அனுப்பிய முதல் வீடியோ என் கணினியில் ஓடியது, பல போன்களில் திறக்கவே இல்லை. இரண்டாவது ஓடியது. அன்று இரவு முன்வரிசைக்காரியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: "சேர், கோச்சிக்கு ஹோன் சத்தம் இல்லையே?"